கடைக் கணக்கும் அல்-ஜப்ரும்

"காக்கா, பழைய சரக்குதானே, அசல் வந்தால் போதும் என்று கொடுத்தேன். அசலே வரவில்லை. அவர் ஏமாற்றுகிறார் என்றுதான் நினைக்கிறேன்."

மஃரிபு தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்த போது கைலிக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் இப்படிச் சொன்னார். பக்கத்து ஊர்க் கடைக்காரர் ஒருவரிடம் நூறு கைலிகளை விற்றுத் தரும்படி கொடுத்திருக்கிறார். கொள்முதல் விலை ஒன்று ரூ.260. விற்ற விலையில் ஐந்தில் ஒரு பங்கு அந்தக் கடைக்காரருக்குக் கமிஷன். "இருபது சதவிகிதக் கமிஷன் போகும் என்று 260-க்கு இருபது சதவிகிதம் 52 ரூபாய் கூட்டி, 312 ரூபாய் என்று விலை குறித்தேன். நூறும் விற்றுவிட்டதாம். எனக்கு 26,000 வரவேண்டும் அல்லவா? 24,960 தான் அனுப்பியிருக்கிறார். 1,040 ரூபாய் எங்கே?"

மூன்று மாதமாக அந்த மனிதரைக் கண்டால் ஸலாம் சொல்லாமல் ஒதுங்கிப் போவதாகவும் சொன்னார். நோட்டை வாங்கிப் பார்த்தேன். கடைக்காரர் ஒரு பைசாவும் எடுக்கவில்லை. 312-ல் ஐந்தில் ஒரு பங்கு 62 ரூபாய் 40 காசு. அது போக மிஞ்சுவது 249 ரூபாய் 60 காசு. நூறு கைலிக்கு 24,960 ரூபாய். அனுப்பிய தொகை சரியே. தவறு தம்பியின் கணக்கில் இருந்தது. அவர் 260-ல் ஐந்தில் ஒன்றைக் கூட்டினார். கமிஷனோ விற்ற விலையில் ஐந்தில் ஒன்றாகப் போயிற்று. இரண்டும் ஒன்று என்று எண்ணிக்கொண்டார். ஒரு சகோதரரைப் பற்றி மூன்று மாதமாக வைத்திருந்த தவறான எண்ணத்திற்கு இவ்வளவுதான் காரணம்!

அப்படியானால் என்ன விலை குறித்திருக்க வேண்டும்? இந்தக் கேள்வியிலிருந்தே பாடத்தைத் தொடங்குவோம். பள்ளிக்கூடத்தில் அல்ஜீப்ரா என்றதும் பயந்து ஓடியவர்கள் நம்மில் பலர். அந்தப் பெயரே நம் காதுக்குப் பழகிய அரபுச் சொல் என்பதை அன்று நமக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

கலீஃபா மஃமூன் கி.பி. 813 முதல் 833 வரை ஆண்டார். அவருடைய காலத்தில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் முஹம்மது இப்னு மூஸா அல்-குவாரிஸ்மி, ஜப்ர், முகாபலா என்னும் கணக்கு முறைகளைப் பற்றி ஒரு சுருக்கமான நூல் எழுதினார். 820-ஆம் ஆண்டை ஒட்டி எழுதப்பட்டது என்பர். வாரிசுச் சொத்து, வஸிய்யத், பாகப்பிரிவினை, வழக்கு, வியாபாரம், நில அளவை, வாய்க்கால் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்கு அன்றாடம் தேவைப்படுவதற்காகவே எழுதுகிறேன் என்ற கருத்தை முன்னுரையிலேயே அவர் கூறிவிடுகிறார். நூலின் பாதிக்கு மேல் வஸிய்யத், வாரிசுக் கணக்குகள்தாம். 1145-ல் இது லத்தீனுக்குப் போனது. 1831-ல் லண்டனில் அரபு மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்ந்து அச்சாயின. ஐரோப்பியர் வாயில் அல்-ஜப்ர் 'அல்ஜீப்ரா' ஆயிற்று. அல்-குவாரிஸ்மி என்ற பெயர் 'அல்காரிதம்' ஆகி, இன்று கணிப்பொறிக்காரர்கள் வாயில் ஓயாமல் புழங்குகிறது.

ஜப்ர் என்றால் முறிந்ததை ஒட்டவைத்துச் சரிசெய்தல். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதற்கும் இதே சொல்தான். ஸ்பெயின் மொழியில் எலும்பு வைத்தியனையே 'அல்ஹெப்ரிஸ்தா' என்று அழைத்தார்கள். முகாபலா என்றால் எதிர் எதிரே நிறுத்திப் பார்த்தல். நம் தம்பியின் கைலிக் கணக்கில் இரண்டையும் பாருங்கள்.

தெரியாத விலையை 'வி' என்போம். அல்-குவாரிஸ்மி இப்படிக் குறியெழுத்து எதுவும் போடவில்லை. தெரியாததை 'ஷைஉ', அதாவது 'ஒரு பொருள்' என்று சொல்லி, முழுக் கணக்கையும் வசனமாகவே எழுதினார். நாம் இடம் மிச்சப்படுத்த ஓர் எழுத்தை வைத்துக்கொள்கிறோம். விற்ற விலையில் ஐந்தில் ஒன்று போக மீதி 260 ஆக வேண்டும்.

வி − வி/5 = 260

இடப்பக்கம் 'வி' முறிந்து நிற்கிறது. அதிலிருந்து ஒரு துண்டு கழிக்கப்பட்டிருக்கிறது. அந்தத் துண்டை இரு பக்கமும் கூட்டினால் இடப்பக்கம் முழுமையாகிறது:

வி = 260 + வி/5

இதுதான் ஜப்ர். இப்போது இரு பக்கமும் 'வி' இருக்கிறது. ஒரே இனத்தை எதிர் எதிரே நிறுத்தி, பொதுவாக உள்ளதை இரு பக்கமும் நீக்கினால் வியின் ஐந்தில் நான்கு பங்கு 260 என்று வரும். இது முகாபலா. ஐந்தில் நான்கு 260 என்றால் ஐந்தில் ஒன்று 65, முழுவதும் 325. சரிபார்ப்போம்: 325-ல் ஐந்தில் ஒன்று 65 போனால் 260. தம்பி குறித்திருக்க வேண்டிய விலை ரூ.325.

"பதிமூன்று ரூபாய்க்காகவா இவ்வளவு?" என்று கேட்டார். இல்லை தம்பி, அந்த ஸலாமுக்காக என்றேன்.

இனிச் சார்பு என்பதைப் பார்ப்போம். பெயர்தான் புதிது; விஷயம் நமக்குப் பழையது. ஓர் எண்ணைக் கொடுத்தால், ஒரே ஓர் எண்ணை விடையாகத் தரும் விதியே சார்பு. ஆடுகளின் ஸகாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 40-க்குக் குறைந்தால் ஒன்றுமில்லை. 40 முதல் 120 வரை ஓர் ஆடு. 121 முதல் 200 வரை இரண்டு. 201 முதல் மூன்று. அதன்பின் 400 ஆகும்போது நான்கு. அப்படியே ஒவ்வொரு நூறுக்கும் ஒன்று. 'எத்தனை ஆடு?' என்று கேட்டதும் 'எத்தனை ஸகாத்?' என்பதற்கு ஒரே விடைதான் உண்டு. இருவர் கணக்கிட்டு இரண்டு விடை வராது. படிக்கட்டுப் போல ஏறும் சார்பு இது. வியாபாரப் பொருளின் ஸகாத்தோ வேறு வகை. நிஸாபை எட்டும்வரை சுழியம்; எட்டியபின் முழுமதிப்பில் நாற்பதில் ஒன்று. வெள்ளிக் கணக்கில் 199 திர்ஹத்திற்கு ஒன்றுமில்லை, 200-க்கு 5.

கடையின் லாபமும் ஒரு சார்புதான். எத்தனை விற்றது என்று கொடுத்தால் எவ்வளவு லாபம் என்று தரும். நம் தம்பியின் கடைக்கு மாத வாடகை ரூ.12,000. வேலையாள் சம்பளம் 13,000. மின்சாரம், தொலைபேசி, சில்லறைச் செலவு 3,000. ஆக 28,000. ஒரு கைலி விற்றாலும் ஆயிரம் விற்றாலும் இந்தச் செலவு மாறாது. கைலி 260-க்கு வந்து 340-க்குப் போகிறது. ஒன்றில் நிற்பது 80 ரூபாய். விற்ற எண்ணிக்கை 'எ' என்றால்,

லாபம் = 80எ − 28,000

லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை என்ற இடம் எது? 80எ = 28,000; எனவே எ = 350. மாதம் 350 கைலி விற்கும்வரை அவர் கட்டிட உரிமையாளருக்கும் வேலையாளுக்கும் மின்வாரியத்திற்கும் உழைக்கிறார். முந்நூற்றைம்பத்தோராவது கைலியில்தான் தம் வீட்டுக்கு உழைக்கத் தொடங்குகிறார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சொந்தக் கட்டிடத்தில் கடை வைத்திருப்பவர்கள் வாடகை எழுதுவதில்லை. மகனைக் கடையில் உட்கார வைப்பவர்கள் அவனுக்குச் சம்பளம் எழுதுவதில்லை. கடை லாபத்தில் ஓடுவதாகத் தோன்றும். உண்மையில் கட்டிடம் தரக்கூடிய வாடகையையும் மகனின் உழைப்பையும் கடை தின்றுகொண்டிருக்கலாம். வீட்டிலிருந்தே ஆர்டர் எடுத்து வட்டிலப்பம் செய்து கொடுக்கும் சகோதரிகளும் முட்டை, தேங்காய், வெல்லத்தை எழுதுகிறார்கள். எரிவாயுவையும் தங்கள் நேரத்தையும் எழுதுவதே இல்லை. சார்பு நாம் கொடுப்பதைத்தான் கணக்கிடும். கொடுக்காததை அது எங்கே போய்த் தேடும்?

இப்போது தள்ளுபடிக்கு வருவோம். எதிர்க் கடையில் விலை குறைத்தார்கள் என்று தம்பியும் 340-ஐ 320 ஆக்க எண்ணினார். இருபது ரூபாய், விலையில் ஆறு சதவிகிதம் கூட இல்லையே என்று நினைத்தார். ஆனால் அந்த இருபதும் போவது 80-லிருந்து அல்லவா? கையில் நிற்பதில் கால்பங்கு போய்விட்டது. இதுவரை மாதம் 500 கைலி விற்று 12,000 லாபம் கண்டவர், அதே 12,000-ஐக் காண 60எ = 40,000 என்று போட வேண்டும். எ = 666 சொச்சம்; அதாவது 667. விலையில் ஆறு சதவிகிதம் குறைத்தால் விற்பனை மூன்றில் ஒரு பங்கு கூட வேண்டும். கூடுமா?

அதைச் சொல்ல வேண்டியது அவருடைய பழைய நோட்டுகள்தாம். முன்பு பத்து ரூபாய் குறைத்த மாதங்களில் எத்தனை கூடுதலாக விற்றது என்று பார்க்கச் சொன்னேன். ரமளான் மாதத்தைச் சேர்க்க வேண்டாம் என்றும் சொன்னேன். பெருநாள் நெருங்கும்போது விலை ஏற்றினாலும் கைலி போகும். அதை வைத்து விதி வகுத்தால் ஷவ்வாலில் அழ நேரிடும். அவர் பார்த்த வரையில் ஒவ்வொரு பத்து ரூபாய்க் குறைப்புக்கும் ஏறத்தாழ நூறு கைலி கூடுதலாகப் போயிருக்கிறது.

பத்து ரூபாய்க் குறைப்புகளின் எண்ணிக்கை 'கு' என்போம். ஒரு கைலியில் நிற்பது 80 − 10கு. விற்பது 500 + 100கு. இரண்டையும் பெருக்கினால் மாதச் செலவு கழிப்பதற்கு முன் நிற்கும் தொகை வரும்:

40,000 + 3,000கு − 1,000 (கு × கு)

கு = 1 என்றால் 42,000. கு = 2 என்றாலும் 42,000. கு = 3 என்றால் மறுபடி 40,000. ஏறிய சார்பு இறங்கத் தொடங்கிவிட்டது! உச்சி எங்கே என்று கண்டுபிடிக்க, அல்-குவாரிஸ்மி சதுரம் வரைந்து அதன் விடுபட்ட மூலையை நிரப்பிக் காட்டும் அதே வழி உதவுகிறது. மேலே உள்ளதை இப்படி மாற்றி எழுதலாம்:

42,250 − 1,000 × (கு − 1½) × (கு − 1½)

ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் வருவது சுழியத்துக்குக் கீழே போகாது. ஆகவே கழிக்கப்படும் பகுதி மிகக் குறைவாவது கு = 1½ ஆகும்போதுதான். பதினைந்து ரூபாய் குறைத்து 325-க்கு விற்றால் 650 கைலி போகும், 42,250 நிற்கும். செலவு போக லாபம் 14,250. 310 வரை இறங்கினால் 800 கைலி விற்கும், கடையில் கூட்டம் நெரியும், எதிர்க் கடைக்காரர் பொறாமைப்படுவார். ஆனால் லாபம் பழைய 12,000-தான். முந்நூறு கைலியை வாங்கி, இறக்கி, அடுக்கி, மடித்துக் கொடுத்ததெல்லாம் சும்மா. இதற்கும் கீழே போனால் கூட்டம் கூடக் கூட லாபம் குறையும்.

இந்த விதி 310-க்கும் 340-க்கும் இடையே அவருடைய நோட்டு காட்டியது. இருநூறு ரூபாய்க்கு இதை நீட்டிப் பார்க்கக் கூடாது. கடைத்தெருவில் உள்ள அத்தனை பேருக்கும் விற்று முடித்தபின் யாருக்கு விற்பது?

அடுத்துப் பங்காளிக் கணக்கு. நம் குடும்பங்களில் மனக்கசப்பு அதிகமாக முளைக்கும் இடம் இது. எனவே சற்று நின்று பார்ப்போம். இதே கடைக்கு மச்சான் ஒருவர் நான்கு லட்ச ரூபாய் முதல் போடுகிறார், தம்பி உழைக்கிறார். ஒருவர் முதலும் மற்றவர் உழைப்பும் சேரும் இதற்கு முளாரபா என்று பெயர். லாபத்தை எந்த விகிதத்தில் பிரிப்பது என்று முன்பே பேசிக்கொள்ள வேண்டும். நஷ்டம் வந்தால், உழைப்பவர் கவனக்குறைவாகவோ ஒப்பந்தத்தை மீறியோ நடக்காதவரை, அது முதலிலிருந்து போகும். உழைத்தவர் தம் உழைப்பை இழப்பார். இன்ன தொகை எனக்கு நிச்சயம் வேண்டும் என்று ஒரு தரப்பார் நிபந்தனை போட்டால் ஒப்பந்தம் செல்லாது.

உழைப்பவருக்கு லாபத்தில் நூற்றுக்கு நாற்பது என்று வைப்போம். 500 கைலி விற்ற மாதம் லாபம் 12,000. தம்பிக்கு 4,800, மச்சானுக்கு 7,200. 350 விற்றால் இருவருக்கும் ஒன்றுமில்லை. 300 விற்றால் 4,000 நஷ்டம். அது முதலில் குறையும். பின்னர் வரும் லாபத்திலிருந்து அந்த நான்காயிரத்தை நிரப்பிய பிறகே பங்கு பிரிப்பார்கள்.

இதற்குப் பதிலாக மச்சான், "எனக்குக் கணக்கெல்லாம் வேண்டாம், மாதம் எட்டாயிரம் கொடுத்துவிடு" என்கிறார். பேச்சு பெருந்தன்மையாகத்தான் இருக்கும். நான்கு லட்சத்துக்கு மாதம் எட்டாயிரம் என்றால் இரண்டு வட்டி; பெயர் என்ன வைத்தாலும் அது வட்டியே. சார்பாக எழுதினால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். முளாரபாவில் மச்சானின் வரவு கடையின் லாபத்தோடு ஏறி இறங்குகிறது. இங்கோ கடையில் என்ன நடந்தாலும் 8,000, மாறாத எண். கடையோடு அவருக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மாதச் செலவு 28,000 என்றிருந்தது 36,000 ஆகிறது. நட்டமில்லா இடம் 350-லிருந்து 450 கைலிக்கு நகர்கிறது. நூறு கைலியை மாதந்தோறும் மச்சானுக்காகவே விற்கிறார். 300 தான் விற்ற மாதத்தில் தம்பி கைப்பணம் 12,000 இழக்கிறார். மச்சானுக்கு எட்டாயிரம் வந்து சேர்கிறது.

நல்ல மாதங்களில் கதை மாறும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 600 கைலி விற்றால் லாபம் 20,000. முளாரபாவில் தம்பிக்கு 8,000, வட்டியில் 12,000. அந்த ஆசையைக் காட்டித்தான் கடன் கொடுப்பவர்கள் பேசுகிறார்கள். எந்த இடத்தில் இரண்டும் சமமாகின்றன? லாபம் 'லா' என்றால் லாவின் ஐந்தில் இரண்டு = லா − 8,000. மேலே சொன்ன ஜப்ரும் முகாபலாவும் செய்தால் லாவின் ஐந்தில் மூன்று 8,000; லா = 13,333 சொச்சம். மாதம் 516 கைலி விற்கும்வரை முளாரபாவே தம்பிக்கு நல்லது. 517 முதல் கையில் அதிகம் நிற்பது மற்றதில். ஆண்டில் எத்தனை மாதம் 517 விற்றது என்று நோட்டைப் பார்த்தோம். ரமளானும் அதற்கு முந்திய மாதமும், இரண்டே மாதங்கள்.

கடைசியாக, அல்-குவாரிஸ்மியின் வஸிய்யத் பகுதியின் தொடக்கத்தில் வரும் ஒரு கணக்கு. ஒருவர் இரண்டு ஆண் மக்களை விட்டு இறந்தார். வாரிசு அல்லாத ஒருவருக்கு மூன்றில் ஒரு பங்கு வஸிய்யத் செய்திருந்தார். கையிருப்பு பத்து திர்ஹம். மக்களில் ஒருவன் அவருக்குப் பத்து திர்ஹம் கடன்பட்டிருக்கிறான். அதைக் கொடுக்க அவனிடம் வகையில்லை. கையில் உள்ள பத்தை எப்படிப் பிரிப்பது? அவனையும் சேர்த்துப் பத்தைப் பிரித்துக் கொடுத்தால், கடனை வைத்துக்கொண்டே பங்கும் வாங்கியவன் ஆவான். கடனை முழுவதும் கணக்கில் சேர்த்தால், இல்லாத பணத்தைப் பங்கு போட வேண்டி வரும்.

அல்-குவாரிஸ்மி இப்படிச் செய்கிறார். கடன்பட்டவனின் பங்காகக் கடனிலிருந்து கழியும் தொகையை 'பொருள்' என்போம். பிரிக்க வேண்டிய சொத்து, பத்தும் ஒரு பொருளும். மூன்றில் ஒன்று வஸிய்யத்துக்குப் போகிறது. மீதி மூன்றில் இரண்டை மக்கள் இருவரும் சமமாகப் பிரித்தால், ஆளுக்கு மூன்றேமூன்றில் ஒரு திர்ஹமும் பொருளில் மூன்றில் ஒன்றும். இதுவே கடன்பட்டவனின் பங்கு. அதாவது அந்தப் பொருளே. எனவே பொருளின் மூன்றில் இரண்டு மூன்றேமூன்றில் ஒரு திர்ஹம். பொருள் ஐந்து. கையில் உள்ள பத்தில் வஸிய்யத் பெற்றவருக்கு ஐந்து, மற்ற மகனுக்கு ஐந்து. கடன்பட்டவனுக்குக் கையில் எதுவும் இல்லை. கடனில் ஐந்து கழிகிறது.

மீதி ஐந்து திர்ஹக் கடனை அவன் பின்னொரு நாள் திருப்பித் தந்தால்? அதையும் மூன்றாகப் பிரிக்க வேண்டும்; ஒரு பங்கு அவனுக்கே. மற்ற இருவருக்கும் ஆளுக்கு ஒன்றேமூன்றில் இரண்டு. முன்பு வாங்கிய ஐந்தோடு சேர்த்தால் ஆறேமூன்றில் இரண்டு ஆகிறது. கடனே இல்லாமல் முழு இருபது திர்ஹமும் கையில் இருந்திருந்தால் ஒவ்வொருவருக்கும் கிடைத்திருக்கக் கூடியதும் அதேதான்.

வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுக்க ஒரு கணக்கு. தந்தை மூன்று ஆண் மக்களை மட்டும் வாரிசாக விட்டு இறந்தார், வஸிய்யத் இல்லை. ரொக்கம் மூன்று லட்சம். மூத்தவர் தந்தைக்கு 2,40,000 கடன்பட்டிருக்கிறார். இப்போது கொடுக்க வழியில்லை. இளையவர் இருவருக்கும் இன்று ஆளுக்கு எவ்வளவு? மூத்தவர் பிறகு கடனைத் தீர்க்கும்போது ஆளுக்கு எவ்வளவு? முதல் கேள்விக்கு ஒன்றரை லட்சம் என்றும், இரண்டாவதற்கு முப்பதாயிரம் என்றும் பிள்ளை சொன்னால் சரி.